இரும்பு வேலையும் தீப்பொறிக் காவலும்

கொழு மழுங்கினாலும் வண்டிச் சக்கரத்தின் பட்டை தளர்ந்தாலும், அதனைக் கொல்லனுடைய உலைக்கு எடுத்துச் செல்வதே முற்காலத்தில் குடியானவர்களின் வழக்கமாயிருந்தது. உலை ஓரிடத்தில் நிலையாயிருந்தது. அதனருகில் வைக்கோலையோ கீற்றையோ அடுக்க எவரும் துணியார். இந்நாளில் நிலைமை மாறிவிட்டது. கல்டிவேட்டர், ரோட்டவேட்டர், சேற்றுழவுக்குரிய இரும்புச் சக்கரம், டிரெயிலர், அறுவடை யந்திரம் முதலியவை கனமானவை. உடைந்த இடத்திலிருந்து அவற்றைப் பெயர்ப்பது எளிதன்று. ஆகவே வெல்டிங் யந்திரமும், இரும்பை அறுக்கும் கேஸ் உருளைகளும், கிரைண்டரும் சிறு வண்டியிலேறிக் களத்துமேட்டுக்கே வந்து சேருகின்றன. முன்பு பொருள் உலையைத் தேடிச் சென்றது. இப்பொழுது உலை பொருளைத் தேடி வருகிறது. வருமிடத்தில் வைக்கோற்போரும் மாட்டுக்கொட்டகையும் டீசலும் இருக்கின்றன.

காலமும் அபாயத்துக்கு அனுகூலமாகவே அமைகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் முடிகிறது. பங்குனி, சித்திரையில் வைக்கோல் போரிடப்பட்டு நன்றாகக் காய்ந்திருக்கும். கோடையுழவுக்குக் கருவிகளைச் செப்பனிடும் காலமும் அதுவே. ஓராண்டுத் தீவனமும், அதைத் தின்ன வேண்டிய மாடுகளும், சில சமயம் மனித உயிரும் ஒரு சிறு பொறியினால் அழிந்துபோகக் கூடுமாதலால், இவ்வேலையை நடத்தும் முறையை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அறிந்திருப்பது அவசியம்.

பொறியின் இயல்பு

இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். பிராணவாயுவும் அஸிட்டிலினும் சேர்ந்தெரியும் சுடரின் உஷ்ணம் 3,000 டிகிரிக்கும் மேற்பட்டது. வெல்டிங் செய்கையில் தெறிக்கும் பொறி என்பது உருகிய இரும்பின் சிறு துளியேயாகும். அது கீழே விழுந்தவுடன் அணைந்துவிடுவதில்லை. பட்டுத் தெறித்து உருண்டோடி, தரையின் வெடிப்பிலும் சுவரின் சந்திலும் சாக்குக் குவியலின் அடியிலும் புகுந்துகொள்ளும். செந்நிறம் மறைந்தபின் அது ஆறிவிட்டதென்று எண்ணுவது தவறு. பகல் வெளிச்சத்தில் இரும்பு கருத்துத் தோன்றும்பொழுதும் அதன் உஷ்ணம் பல நூறு டிகிரி இருக்கக்கூடும். காய்ந்த வைக்கோலுக்கு அதுவே போதும்.

மூவகை வேலைகளில் கேஸினால் அறுப்பதே மிகுதியாகப் பொறி சிந்துவது. அதில் பிராணவாயுவின் வேகம் இரும்பையே எரித்து, உருகிய கழிவை மறுபுறத்தில் ஊதித் தள்ளுகிறது. கிரைண்டரில் சுடர் இல்லாமையால் பலர் அதனைத் தீ வேலையாகக் கருதுவதில்லை. ஆனால் அதன் சக்கரத்திலிருந்து பீறிடும் பொறிகளும் ஒரே திசையில் பல அடி தூரம் பாய்ந்து, பஞ்சையும் உமியையும் பெட்ரோல் ஆவியையும் பற்றச் செய்யும்.

இவற்றைக் கருதியே, பொறி சிந்தும் வேலை நடக்குமிடத்திலிருந்து நாற்புறமும் 35 அடி, அதாவது ஏறக்குறைய 11 மீட்டர் தூரத்துக்கு, எரியக்கூடிய பொருள் ஒன்றும் இருத்தலாகாது என்ற விதி பல நாடுகளிலும் கைக்கொள்ளப்படுகிறது. கொட்டகையின் கூரை போன்ற உயரமான இடத்தில் வேலை செய்தாலும், காற்று வீசினாலும் இத்தூரம் போதாது.

ஒரு கப்பலின் கதை

பொருளை அகற்றாமல் வேலையைத் தொடங்குவதன் விளைவுக்கு, உலகமறிந்த ஓர் உதாரணம் உண்டு. நார்மண்டி என்னும் பிரெஞ்சுப் பிரயாணிக் கப்பல் சுமார் 1,030 அடி நீளமுள்ளது. அதன் காலத்துப் பெருங்கப்பல்களுள் ஒன்று. யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கம் அதனைக் கைப்பற்றி, படைகளை ஏற்றிச் செல்வதற்கேற்ப நியூயார்க் துறைமுகத்தில் மாற்றியமைத்து வந்தது. 1942 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் தேதி, அதன் பெரிய கூடத்தில் இரும்புத் தூண்களை அறுக்கும் வேலை நடந்தது. அக்கூடத்திலேயே உயிர்காப்பு அங்கிகள் குவிந்து கிடந்தன. அவற்றினுள் அடைத்திருந்தது நம் நாட்டாரும் மெத்தைக்கு உபயோகிக்கும் இலவம்பஞ்சு. அறுக்கும் சுடரின் பொறி அதில் விழுந்தது. தீ விரைந்து பரவிற்று. நகரத் தீயணைப்புப் படையாரின் குழாய்கள் கப்பலின் குழாய் வாய்களுக்குப் பொருந்தவில்லை. இறுதியில் மேலிருந்து கொட்டிய நீரின் பாரத்தால் கப்பல் மறுநாள் விடியுமுன் ஒருபுறமாகச் சாய்ந்து வீழ்ந்தது. மறுபடி கடலோடாமலே, 1946 ஆம் ஆண்டு பழைய இரும்பாக அது விற்கப்பட்டது.

அத்தனை பெரிய கப்பலுக்கு நேர்ந்த அழிவுக்கு முதற்காரணம், பஞ்சுக் குவியலை அப்புறப்படுத்தாமல் அறுப்பு வேலையைத் தொடங்கியதே. களத்துமேட்டில் வைக்கோலும், கொட்டகையில் சாக்கும், கூரையில் கீற்றும் அப்பஞ்சுக்குச் சமானமானவை.

இரண்டாவது ஆள்

வெல்டிங் செய்பவர் கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறார். அதன் வழியே அவருக்குத் தெரிவது சுடரும் இரும்பும் மாத்திரமே. தம் முதுகுப்புறத்தில் வைக்கோல் புகைந்தாலும் அவர் அறியார். மேலும் அவர் வெளியூரிலிருந்து வந்தவராயிருக்கலாம். சுவருக்கு அப்பால் என்ன அடுக்கியிருக்கிறது, எந்த டிரம்மில் எது இருந்தது என்பது சொந்தக்காரருக்குத் தெரியும், வேலைக்காரருக்குத் தெரியாது. ஆகவே, இரும்பைக் கவனிப்பது வேலைக்காரர் கடமை, சுற்றுப்புறத்தைக் கவனிப்பது சொந்தக்காரர் கடமை என்று கொள்ளுதல் வேண்டும்.

இதற்கென ஓர் ஆளைத் தனியே நிறுத்த வேண்டும். அவர் கையில் நிறைகுடங்களும், நனைந்த சாக்கும், ஒரு கூடை மணலும் இருத்தல் நலம். பம்புசெட்டின் ரப்பர்க் குழாய் எட்டுமாயின் அதைத் தயாராக வைக்கலாம். இரும்பைப் பிடித்துக்கொடுத்தல் முதலிய வேறு வேலைகளை அவருக்கு இடலாகாது. அவருடைய வேலை பார்த்துக்கொண்டிருப்பதே.

வேலை முடிந்தபின்னரும் அவர் உடனே அகன்றுவிடக் கூடாது. மாலை நான்கு மணிக்கு ஒரு டிரெயிலரின் பலகைச் சட்டத்தைச் செப்பனிட்டு, கூலி கொடுத்து, எல்லோரும் வீட்டுக்குச் சென்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாக்கின் மடிப்பில் புகுந்த ஒரு துளி இரும்பு சுடரின்றிக் கனன்றுகொண்டேயிருக்கும். ஆறு மணிக்குக் காற்று எழும்பும்பொழுது அது தீயாகும்; அப்பொழுது அங்கே ஒருவரும் இரார். இத்தகைய அனுபவங்களினாலேயே, வேலை முடிந்தபின் அரை மணி நேரக் காவல் போதுமென்று வைத்திருந்த அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 2019 ஆம் ஆண்டு விதிகளில் அதனை ஒரு மணி நேரமாக உயர்த்தியது. வைக்கோலும் தென்னை நாரும் உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, இரவு படுக்குமுன் மீண்டும் ஒருமுறை சென்று, புகை நாற்றம் உண்டா என்று பார்த்து வருதல் உத்தமம்.

காலி டிரம்மும் சக்கரமும்

பழைய டீசல் டிரம்மை நெடுக்கில் அறுத்து மாட்டுத்தொட்டி செய்வது கிராமங்களில் சாதாரணம். டிரம் காலியாயிருப்பதால் அபாயமில்லை என்று எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு மாறானது. நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டிரம்மிலோ அடியில் ஒட்டிய எண்ணெயின் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அறுக்கும் சுடர் பட்டவுடன் அக்கலவை வெடிகுண்டுபோல் வெடித்து, டிரம்மின் மூடி ஆளின்மேல் பாயும். டீசல் எளிதில் பற்றாது என்பதும் இங்கே உதவாது; தகடு சூடேறும்பொழுது கறுப்பு எண்ணெயும் ஆவியாகும். ஒருமுறை தண்ணீர் விட்டு அலசுவதால் இது நீங்கிவிடாது. பெட்ரோல், டீசல், தின்னர், பூச்சிமருந்து இருந்த டிரம்மைச் சுடரினாலோ கிரைண்டரினாலோ அறுத்தலாகாது. தொட்டி வேண்டுவோர் சிமெண்டுத் தொட்டி வாங்குவது மேல். டிராக்டரின் எண்ணெய் டாங்கு ஒழுகினால், அதனைக் கழற்றி, அவ்வேலையில் பழகிய பட்டறைக்கே அனுப்ப வேண்டும்.

டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் இரும்பு வளையத்தில் வெல்டிங் செய்வதும் இதைப் போன்றதே. உஷ்ணத்தால் ரப்பர் உள்ளே கருகி, எரியும் வாயுக்களை உண்டாக்கும், காற்றழுத்தமும் பெருகும். டயர் வெடித்தால் அருகிலிருப்பவர் உயிர் தப்புவது அரிது. காற்றை இறக்கிவிட்டால் போதுமென்பது பிழை. டயரையே கழற்றிவிட வேண்டும். இருபுறமும் மூடப்பட்ட இரும்புக் குழாயையும் உருளையையும், துளையிட்டுக் காற்றுப் போக வழி செய்தபின்னரே சூடாக்கலாம்.

கேஸ் உருளைகள்

நம் நாட்டில் பிராணவாயு உருளை கறுப்பு வர்ணமும், அஸிட்டிலின் உருளை செம்பழுப்பு வர்ணமும் உடையவை. இரண்டையும் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். அஸிட்டிலின் உருளையினுள் அஸிட்டோன் என்னும் திரவத்தில் கேஸ் கரைந்திருப்பதால், அதைப் படுக்கவைத்து உபயோகித்தால் திரவம் குழாய்க்குள் வந்துவிடும். சுடர் பின்னோக்கி உருளைக்குள் புகாமல் தடுக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று வேலைக்காரரைக் கேட்டறிக.

பிராணவாயு தானே எரியாது. ஆனால் மற்றவற்றை மிகக் கொடுமையாக எரியச் செய்யும். கிரீஸும் எண்ணெயும் அழுத்தமான பிராணவாயுவில் பொறியின்றியே பற்றிக்கொள்ளும். டிராக்டர் வேலை செய்த கிரீஸ்க் கையுடன் அவ்வுருளையின் திருகைத் தொடலாகாது. இறுகிய திருகுக்கு எண்ணெய் விடவும் ஆகாது. உடம்பிலுள்ள தூசியைப் பிராணவாயுவினால் ஊதிக்கொள்ளும் பழக்கம் மிகக் கெட்டது. துணியில் அவ்வாயு தங்கி, சிறு பொறியிலும் ஆளைச் சூழ்ந்து எரியும்.

மின்சாரமும் உடம்பும்

மேலே செல்லும் மின்கம்பியில் கொக்கி போட்டு வெல்டிங் யந்திரத்தை ஓட்டுவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. ஈரத்தரையில் வெறுங்காலுடன் வேலை செய்யலாகாது. டிராக்டரில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். பாட்டரியிலிருந்து எழும் வாயுவும் வெடிக்கக்கூடியது. யந்திரத்தின் திரும்பு கம்பியை வேலை நடக்குமிடத்துக்கு அருகிலேயே மாட்டினால், மின்சாரம் பேரிங்குகளின் வழியே சென்று அவற்றைக் கெடுக்காது.

வெல்டிங் ஒளியை வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை விலக்குக. அதன் தீமை உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, இரவில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி நீர் வடியும். அதற்குக் கைமருந்து இடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வெல்டிங் செய்யும்பொழுது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆகவே திறந்தவெளியில், காற்றுக்கு எதிர்ப்புறம் புகை செல்லாதபடி நின்று செய்க. நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கனத்த பருத்தியாடையும் மூடிய காலணியுமே தக்கவை.

தீப்பட்டால்

வைக்கோலில் பற்றிய தீக்குத் தண்ணீர் ஊற்றி, மேற்பகுதியைக் கவைக்கோலால் பிரித்து உட்கனலையும் நனைக்க வேண்டும். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஆகாது, மணலையிட்டு மூடுக. மின்சாரத் தீயானால் முதலில் மின்னோட்டத்தை நிறுத்துக. மாடுகளைக் கயிறறுத்து விடுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகிய எண்களில் காலதாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தீப்புண்ணின்மேல் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுக; மையோ மாவோ பற்பசையோ பூசலாகாது.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அறுவடைக்குப் பின் பொதுக்களத்தில் வேலைக்கென ஓரிடத்தை ஒதுக்கி, அதனைச் சுற்றிப் புல்லும் சருகும் இல்லாமல் செதுக்கி வைக்கலாம். அங்கு மணலும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கச் செய்யலாம். தீயணைப்பு வண்டி நுழையும் பாதையில் வைக்கோற்போரிடுவதைத் தடுத்தல் மிக முக்கியம். வண்டி ஊருக்கு வந்தும் சந்துக்குள் வரமுடியாமல் நின்றால் பயன் யாது?

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பெயர்க்கக்கூடிய கருவியைத் திறந்த வெறுந்தரைக்குக் கொண்டுவருக. பெயர்க்க முடியாவிடில் 35 அடி சுற்றளவில் எரியும் பொருளை அகற்றுக. அகற்றவும் முடியாவிடில் வேலையை நிறுத்துக.

2. பலத்த காற்றில் வேலை தொடங்கற்க.

3. காலி டிரம்மையும், டயர் மாட்டிய சக்கரத்தையும் சூடாக்கற்க.

4. தண்ணீருடன் ஓர் ஆளைக் காவல் நிறுத்துக.

5. வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் காத்திருக்க.

ஓராளின் ஒரு நாளைக் கூலியில் ஒரு பங்குதான் இக்காவலுக்குச் செல்லும் செலவு. அதை மிச்சம் பிடிக்க எண்ணுவோர், அடுத்த அறுவடை வரை மாடுகளுக்கு வைக்கோல் எங்கே கிடைக்கும் என்பதையும் முன்னதாகவே எண்ணிப் பார்த்தல் நலம்.