காத்திருந்த கணித மேதை

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகில் அமைந்த ஊர் மகாராஜபுரம். மலையடிவாரத்து உழவர், மழை தாழ்த்த ஆண்டிலும் வாளா இருப்பதில்லை. வரப்பை உயர்த்துவர், வாய்க்காலைத் தூர் எடுப்பர், விதையைக் காத்து வைப்பர். மழை வரும் நாள் அவர் கையில் இல்லை. வரும்போது நிலம் ஆயத்தமாக இருத்தல் அவர் கையில் உள்ளது.

வேலை தேடும் இளைஞரின் நிலையும் இத்தகையதே. கல்வி முடித்து, இராஜபாளையத்துக்கும் சென்னைக்கும் விண்ணப்பங்கள் விடுத்து, மறுமொழிக்காகத் திங்கள் பல காத்திருப்போர் உளர். அந்நாள்களில் கைப்பொருள் குறைவதைக் காட்டிலும், தம்மீது கொண்ட நம்பிக்கை குறைவதே பெருந்துன்பம். அத்துன்பத்தை நன்கு அறிந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். அவர் தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1904ஆம் ஆண்டில் இராமானுஜன் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிய அவர், பிற பாடங்களில் தவறினார், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டம் இல்லாத அவருக்கு உத்தியோகம் எட்டாக் கனியாயிற்று.

1909ஆம் ஆண்டில் திருமணம் நிகழ்ந்தது. இல்லறப் பொறுப்பு அவரை வேலை தேடத் தூண்டியது. 1910ஆம் ஆண்டில், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் கண்டார். துணைக் கலெக்டராகிய அவரிடம் தம் கணித ஏட்டைக் காட்டி, எழுத்தர் பணி ஒன்றை வேண்டினார். ஏட்டைப் புரட்டிய ஐயர் வியந்தார். அத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைநிலைப் பணியில் மங்கச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே, இராமானுஜனுக்கு வேலை கிடைக்கவில்லை. சென்னை அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதமே கிடைத்தது.

இராமானுஜன் சோர்ந்துவிடவில்லை. பேராசிரியர் சேஷு ஐயரின் துணையால், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவைக் கண்டார். ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து உதவினார். எனினும், பிறருக்கு நெடுநாள் சுமையாக இருக்க இராமானுஜன் விரும்பவில்லை. சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரங்கள் தற்காலிகமாகப் பணிபுரிந்தார். 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். கல்லூரிப் படிப்பு இடையில் நின்றதை அதில் அவர் மறைக்கவில்லை. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையும் உடன் சென்றது. மார்ச்சு முதல் நாள், 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் பணி கிடைத்தது.

வேலை இல்லாத அந்நாள்களில் அவர் செய்தது யாது? தாள் வாங்கப் பொருள் போதாமையால் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் ஏட்டில் எழுதினார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது, நிலையான வேலை எதுவும் இல்லாத 1911ஆம் ஆண்டிலேதான்! உலகம் அவரைத் தோற்றவர் என்று எண்ணியபோதும், அவர் தம் கலையைக் கைவிடவில்லை. உதவி கேட்கவும் அவர் நாணவில்லை. ஒருவரால் இயலாதபோது, அவர் காட்டிய மற்றொருவரை நாடினார்.

எழுத்தர் பணி சிறிதாயினும் அதுவே அவர்தம் வாழ்வின் திருப்பமாயிற்று. அங்கே நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஊக்கம் அளித்தனர். இங்கிலாந்து அறிஞர் இருவருக்கு எழுதிய கடிதங்கள் பயன் தரவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் பயன் தந்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1918இல் இலண்டன் இராயல் கழக உறுப்பினரானார்.

வேலை தேடுவோர் அனைவரும் இராமானுஜன் ஆகிவிட இயலாது. ஆயினும், அவர் கொண்ட நெறி அனைவர்க்கும் உரியது. கற்ற தொழிலை நாள்தோறும் பழகுதல், சான்றோரை அணுகுதல், சிறு பணியையும் இகழாது ஏற்றல் என்பனவே அந்நெறி. வேலை கிடைக்காமை ஒருவருடைய தகுதியின்மைக்குச் சான்று ஆகாது. மழை தாழ்க்கலாம், நிலத்தைத் தரிசாக விடலாகாது.