கரண்ட் கம்பியில உட்கார்ந்திருக்கிறது குருவி இல்லைங்க

செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பஸ்ல போயிருக்கீங்களா? அடுத்த தடவை ஜன்னல் சீட் கிடைச்சா மொபைலை உள்ள வச்சிட்டு, ரோட்டோரப் புதரையும் கரண்ட் கம்பியையும் பாருங்க. குருவி சைஸ்ல ஒரு பழுப்புப் பறவை இருக்கும். தடிச்ச அலகு, குட்டை வால், மார்புல கரும்புள்ளிகள். பறக்கும்போது இறக்கையில செம்பழுப்பு நிறம் தெரிஞ்சா, அது ஜெர்டன் புதர் வானம்பாடியா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வானம்பாடின்னா உச்சி வானத்துல நின்னு பாடுற பறவைன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். இது அப்படி இல்லை. புதர் உச்சியிலயோ கம்பியிலயோ உட்கார்ந்து ‘ட்ரிர்ர்ர்’னு வறண்ட குரல் கொடுக்கும். நடுவுல கொஞ்சம் மேல எழும்பி, இறக்கையைத் தூக்கி, காலைத் தொங்கவிட்டு பாராசூட் மாதிரி இறங்கும்.

இந்தப் பாட்டுதான் அதுக்குத் தனிப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ரொம்ப காலம் இதை வங்காளப் புதர் வானம்பாடியோட ஒரு துணையினம்னுதான் வச்சிருந்தாங்க. அருங்காட்சியகத்துல பாடம் பண்ணி வச்ச தோலை மட்டும் பார்த்தா அப்படித்தான் தோணும். செத்த பறவை பாடாதே! 1998-ல ஸ்வீடன் நாட்டு பெர் ஆல்ஸ்ட்ரோம் உடலமைப்போட பாட்டையும் பறக்குற விதத்தையும் சேர்த்து ஒப்பிட்டார். வடக்கே இருக்கிறது வானத்துல நீண்ட நேரம் பறந்துகிட்டே பாடுது. நம்ம ஊர்க்காரர் பெரும்பாலும் உட்கார்ந்தே பாடுறார். ஒரே இனமா இருந்தது நாலா பிரிஞ்சது. ஒலியை அலைவெண் படமா மாத்திப் பார்க்கிற வேலைதான் இதுல முக்கியம். சிக்னல்ஸ் பேப்பர்ல நாம திட்டித் தீர்த்த அதே ஃபூரியர்!

அடுத்து பேரினம். 1821-ல ஹார்ஸ்ஃபீல்ட் உருவாக்கின ‘மிராஃப்ரா’ங்கிற ஃபோல்டர்ல ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியான்னு எல்லா ஊர் வானம்பாடியையும் போட்டு நிரப்பிட்டாங்க. 2013-ல வந்த டிஎன்ஏ ஆய்வு, வானம்பாடிக் குடும்பத்துல தோற்றத்தை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம்னு காட்டுச்சு. 2023-ல அதே ஆல்ஸ்ட்ரோம் குழு அந்த ஃபோல்டரை நாலா பிரிக்கச் சொன்னாங்க. நம்ம பறவையும் அதோட நாலு சொந்தக்காரங்களும் ‘ப்ளோசியாலாடா’வுக்குப் போனாங்க. ஹாட்ஜ்சன் 1844-ல வச்சுட்டுப் போன பழைய பெயர் அது. அந்த அஞ்சுல இந்தியப் புதர் வானம்பாடியும் ஒண்ணு. அதுக்கு வால் நீளம், இறக்கையில செம்பழுப்பு அதிகம். குழம்பினா பாட்டைக் கேளுங்க.

பெயருக்குக் காரணமான ஜெர்டன், சென்னை மாகாணப் படையில டாக்டர். 1836-ல இங்க வந்தவர்.

பறவையோட வகைப்பாடு இவ்வளவு தூரம் வந்துடுச்சு. அது வாழுற நிலத்தோட வகைப்பாடு? முள்ளும் புல்லுமா கிடக்கிற புதர் நிலத்தை, அரசு வரைபடத் தொகுப்பு இன்னமும் ‘தரிசு’க் கணக்குலதான் சேர்க்குது. இந்தப் பறவை கூடு கட்டுறதே அங்கதான், தரையில, புல் தூருக்கு அடியில. யாருமே இல்லாத இடம்னு நினைச்சு நாம மனை போடுறோம்.

எங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடி நான் முதல்ல இதைப் பார்த்த மேட்டுல போன வருஷம் பிளாட் கல் நட்டாங்க. இப்போதைக்கு அந்தக் கல்லு மேலயே ஏறி உட்கார்ந்து பாடுது. கேட்கணும்னா காலைல ஏழு மணிக்குள்ள வாங்க, வெயில் ஏறிட்டா அடங்கிடும்.