துக்கத்தோடு கரை இறங்கினவர்

வேதபகுதி: மத்தேயு 14:1-23
உடன் வாசிக்க: மாற்கு 6:30-46



மருத்துவமனையில் போதகரிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, பெரும்பாலும் கடைசியில், கதவருகே நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது. "ஐயா, எங்க வீட்டுக்காரர் போனதிலிருந்து யாருடைய கஷ்டத்தைக் கேட்டாலும் மனசில் ஒன்றும் தோன்றவில்லை. ஜெபக் குறிப்பைக் கையில் எடுத்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. இது பாவமா?" கேட்பவர் பெயர் மாறும், கேள்வி மாறாது. துக்கத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும், ஏன், இருபது வருடம் வார்டில் நின்ற சிஸ்டர்களும் கேட்டிருக்கிறார்கள். செய்தித்தாளைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது என்கிறவர்கள் உண்டு. இப்போது அதைப் பிரிக்கவும் வேண்டியதில்லை. யுத்தமும் வெள்ளமும் பிள்ளைகளின் மரணமும் விடியுமுன்னே கைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "முதலில் உன் துக்கம் ஆறட்டும், பிறகு மற்றவர்களைப் பார்க்கலாம்." மற்றொன்று, "துக்கத்தை நினைக்காதே, ஊழியத்தில் ஓடு, எல்லாம் மறந்துபோகும்." இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாம் இன்று வாசிக்கிற பகுதியில் இந்த இரண்டு பதில்களுக்கும் இடமில்லை.

முன்கதை உங்களுக்குத் தெரிந்ததே. யோவான் ஸ்நானனை ஏரோது சிறையில் வைத்திருந்தான். சவக்கடலுக்குக் கிழக்கே இருந்த மகேருஸ் கோட்டையே அந்தச் சிறை என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். ஒரு பிறந்தநாள் விருந்து, ஒரு பெண்ணின் நடனம், விருந்தாளிகள் முன்னால் கொடுத்துவிட்ட ஒரு வாக்கு. இவ்வளவுதான் காரணம், ஒரு தீர்க்கதரிசியின் தலை தட்டில் வந்தது. நோயில் வரும் மரணத்தையாவது மனம் ஒருநாள் ஏற்றுக்கொள்ளும். இப்படி அற்பமான காரணத்துக்காக நேரிடும் மரணத்தை எப்படி ஏற்பது? அந்த யோவான் ஆண்டவருக்கு அந்நியரல்ல. மரியாளுக்கு உறவினரான எலிசபெத்தின் மகன். யோர்தானில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். யோவானின் சீஷர்கள் உடலை எடுத்து அடக்கம் செய்துவிட்டு நேராக இயேசுவிடம் வந்து சொன்னார்கள்.

கேட்டவுடனே அவர் படகேறித் தனிமையான ஓரிடத்துக்குப் புறப்பட்டார் என்கிறார் மத்தேயு. இதைக் கவனியுங்கள். அவர் துக்கத்தை விழுங்கிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போகவில்லை. தனிமை தேடினார். (மாற்கு இன்னொரு காரணத்தையும் சொல்கிறார்: சீஷர்கள் களைத்திருந்தார்கள், ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்தபடியால் அவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லை. திங்கட்கிழமை காலையில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.)

ஆனால் தேடிய தனிமை கிடைக்கவில்லை. ஜனங்கள் கரையோரமாக நடந்தே அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படகு கரை தட்டும்போது, வியாதியஸ்தரைத் தூக்கிக்கொண்டு ஒரு பெருங்கூட்டம் எதிரே நிற்கிறது. "இன்றைக்கு வேண்டாம், எங்கள் வீட்டில் துக்கம்" என்று நாம் சொல்லியிருப்போம். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அவரோ அவர்களைப் பார்த்து மனதுருகினார் என்று வாசிக்கிறோம்.

இந்த "மனதுருகுதல்" என்ற சொல்லில் சற்றுத் தங்க வேண்டும். கிரேக்க மூலத்தில் இங்கே வரும் வினைச்சொல் இருதயம், ஈரல், குடல் ஆகிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் பெயரிலிருந்து பிறந்தது. புதிய ஏற்பாட்டில் இது 12 இடங்களில் வருகிறது; அத்தனையும் முதல் மூன்று சுவிசேஷங்களில். பெரும்பாலும் இயேசுவைப் பற்றியே வருகிறது. அவர் சொன்ன கதைகளில் நல்ல சமாரியனுக்கும், இளைய குமாரன் தூரத்தில் வரும்போதே கண்டுகொண்ட தகப்பனுக்கும், ஊழியக்காரனின் கடனை மன்னித்த எஜமானுக்கும் இந்தச் சொல்லைக் காண்கிறோம். எபிரெயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் ரஹாமீம் என்ற சொல்லோ கருப்பையைக் குறிக்கும் ரெஹெம் என்ற சொல்லோடு தொடர்புடையது. இறையியல் கல்லூரியில் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் படித்தோம். ஆனால் நம் கிராமத்துத் தாய்மார்களுக்குக் கரும்பலகை வேண்டாம். பிள்ளைக்கு ஒன்று என்றால் "பெற்ற வயிறு பற்றி எரியுதே" என்கிறார்கள். எபிரெயரும் கிரேக்கரும் சொல்ல வந்தது அதைத்தான்.

இனி நான் சொல்வது வசனத்தில் எழுதப்பட்டதல்ல, அதைப் பலமுறை வாசித்ததில் எனக்குத் தோன்றியது. யோவானுக்காக ஆண்டவரின் வயிறு எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்தபோது உருகியதும் அதே வயிறுதான். துக்கத்துக்கு ஓர் அறை, இரக்கத்துக்கு ஓர் அறை என்று நமக்குள் தனித்தனியே கட்டப்படவில்லை. வலிக்கிற இடமும் இரங்குகிற இடமும் ஒன்றே. ஆகையால் வலிக்கக் கூடாது என்று அந்தக் கதவைச் சாத்துகிறவன், தான் அறியாமலே இரக்கத்தையும் சேர்த்துச் சாத்துகிறான். கதவருகே நின்று கேட்கிற அந்த அம்மாளுக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்கள் அன்பு செத்துப்போகவில்லை, வலி தாங்காமல் மனம் மரத்திருக்கிறது.

மரத்துப்போவது ஆறுவதற்குச் சமமல்ல. இதை மருத்துவமனைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தொழுநோய். நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் வெகுகாலம் எல்லாரும் நம்பினார்கள். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் அந்தக் கைகளைப் பார்த்து, பல ஆண்டுகள் அதை ஆராய்ந்தார். விரல்கள் தாமாக உதிர்வதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால், சுடு பாத்திரத்தைப் பிடித்தாலும் முள் குத்தினாலும் தெரிவதில்லை. புண்ணைக் கவனிக்காமல் அதே கையால் வேலை செய்து செய்து கை அழிகிறது. வலி தெரியாததே கேடு. வலியைத் தேவனுடைய ஈவு என்று அவர் வாழ்நாள் முழுவதும் பேசியும் எழுதியும் வந்தார்.

இந்தப் பால் பிராண்டின் தாயாரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. ஈவ்லின் பிராண்ட் 1879இல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம், ஓவியம் தீட்டுவதில் தேர்ச்சி. 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். வாழவந்தியில் அவர்கள் வீடு. மலைச் சுரத்துக்குப் பேர்போன ஊர் அது. கீழ்நாட்டார் இரவு தங்கவே அஞ்சுவார்கள். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை முதலான ஐந்து மலைத்தொடர்களிலும் ஊழியம் செய்ய வேண்டும் என்பது இருவரின் கனவு. 1923இல் மகனையும் மகளையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி கருநீர்ச் சுரத்தால் இறந்தார். சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய மலேரியா அது. இறப்புச் செய்தி லண்டனுக்குத் தந்தியில் போனது. கடிதங்களோ கப்பலில் போகிறவை. ஆகவே தகப்பன் இறந்த பிறகும் வாரக்கணக்கில் அவருடைய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டே இருந்தன.

ஈவ்லினுக்கு அப்போது வயது 50. பிள்ளைகள் கடலுக்கு அப்பால்; கணவர் மலையில், மண்ணுக்குள். பின்பு தாயை இங்கிலாந்தில் சந்தித்த மகன், தன் நினைவில் இருந்த உயர்ந்த அழகிய அம்மாவுக்குப் பதிலாக ஒடுங்கித் தளர்ந்த ஒரு பெண்ணைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்தத் துக்கம் சீக்கிரம் ஆறியது என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் மலைகளுக்குத் திரும்பினார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோதும் ஊருக்குப் போகாமல், மலைமக்களிடையே தாமாகவே ஊழியத்தைத் தொடர்ந்தார். மட்டக்குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போவார். நடக்க முடியாமல் போனபோது இரண்டு கம்புகளை ஊன்றி நடந்தார். ஜனங்கள் இறங்கி நின்று தண்ணீர் எடுக்கும் கிணறுகளால் பரவிய நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மரித்து, வாழவந்தியில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 45 வருட விதவை வாழ்க்கை! துக்கம் முடிந்த பிறகுதான் ஊழியம் என்று இருந்திருந்தால் அந்த மலைகள் எவ்வளவு காலம் காத்திருந்திருக்குமோ.

ஆனால் இதைக் கேட்டு யாரும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். துக்கவீட்டில் உள்ளவர்களை மறுநாளே சபை வேலைக்கு இழுப்பது நம் சபைகளில் உள்ள ஒரு கெட்ட வழக்கம். "ஊழியம் செய்தால் ஆறுதல் வரும்" என்பது எப்போதும் உண்மையல்ல. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டபோது, தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் கொடுத்தார். அடுத்த வேலையைப் பற்றிய பேச்சு நாற்பது நாளைக்குப் பிறகுதான் வருகிறது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். பேச ஆரம்பித்த பின்புதான் கெடுத்தார்கள்!

ஆண்டவரும் தம் தனிமையை விட்டுவிடவில்லை. 23ஆம் வசனம் வரை வாசியுங்கள். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடிந்ததும் சீஷர்களைப் படகில் ஏற்றி அனுப்பினார், ஜனங்களையும் அனுப்பிவிட்டார், தனியே மலையேறி ஜெபித்தார். காலையில் தேடிய தனிமை இரவில்தான் கிடைத்தது. கரையில் நின்ற கூட்டம் அதைத் தள்ளிப்போட்டதே தவிர, பறித்துவிடவில்லை.

நடுவில் சீஷர்கள் சொன்ன யோசனையும் கவனிக்கத்தக்கது. பொழுது போயிற்று, வனாந்தரம், இவர்களை அனுப்பிவிடும் என்றார்கள். நியாயமான யோசனைதான், கணக்குத் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆண்டவரோ ஐயாயிரம் பேருக்கு எவ்வளவு தேவை என்று கேட்கவில்லை. கையில் எத்தனை அப்பம் உண்டு என்றே கேட்டார். மனம் சோர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி போதும். உலகத்தின் துயரம் முழுவதையும் கைபேசியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தால் எந்த மனமும் மரத்துத்தான் போகும். செய்தியை ஒரு நாளில் ஒரு முறை பார்ப்பது போதும். பார்த்ததில் ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு ஜெபியுங்கள். பக்கத்துத் தெருவில் ஒரே ஒருவரைப் போய்ப் பாருங்கள். போய்ப் பேச ஒன்றுமில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பாய் விரித்துக் காத்திருப்பவர்களிடம் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே தன் மகன் செயற்கைச் சுவாசத்தில் இருப்பான். அந்தத் தாய் தன் பிளாஸ்க்கிலிருந்து பக்கத்துப் பாயில் உள்ளவளுக்குக் காப்பி ஊற்றுவாள். ஊர் வேறு, சாதி வேறு, மதம் வேறு. இவள் கழிவறைக்குப் போனால் அவள் மூட்டையைப் பார்த்துக்கொள்வாள். டாக்டர் கூப்பிட்டால் ஓடிப்போய் அழைத்து வருவாள். அவர்களுக்கு யாரும் மனதுருக்கத்தைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா காலத்தில் அந்தப் பாய்களும் இல்லை. உறவினர் உள்ளே வர முடியாது. முகம் பார்க்காமலே எத்தனையோ பேரை அடக்கம் செய்தார்கள். அந்த வீடுகளில் துக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களைப் போய்ப் பார்ப்பதற்கு இத்தனை வருடம் கழித்தும் காலதாமதமாகிவிடவில்லை.

உங்களில் சிலர் கணவர் நினைவாக, பிள்ளை நினைவாக, ஏழை நோயாளிகளின் மருந்துச் செலவுக்கு ஆண்டுதோறும் காணிக்கை அனுப்புகிறீர்கள். (இது காணிக்கை கேட்பதற்காக எழுதும் வரியல்ல, பயப்பட வேண்டாம்.) மணியார்டரோடு வந்த சில கடிதங்களில் இறந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் மை பரவியிருந்ததைக் கண்டிருக்கிறேன். வலிக்கிற இடமும் இரங்குகிற இடமும் ஒன்று என்று நான் மேலே எழுதியதை நீங்கள் எனக்கு முன்பே அறிந்திருக்கிறீர்கள்.

ஒரு எச்சரிப்பையும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது ஜெபக் குறைவு அல்ல. அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களை நாம் விசுவாசமில்லாதவர்கள் என்கிறோமா? தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

வீட்டு ஜெபத்திலோ பெண்கள் ஐக்கியத்திலோ இப்பகுதியைப் படிக்கிறவர்கள், முழுவதையும் ஒருமுறை வாசித்தபின் 13, 14, 23 ஆகிய மூன்று வசனங்களை மட்டும் மெதுவாக மறுபடியும் வாசியுங்கள். சிறிது நேரம் மௌனமாயிருங்கள். பிறகு ஒவ்வொருவரும் இந்த நாட்களில் தாங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லலாம்: துக்கத்தோடு படகிலா, கூட்டத்தின் நடுவே கரையிலா, தனியே மலையிலா. சொல்ல மனமில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, காப்பி கொடுத்து அனுப்புங்கள்.