ஆம்ப் பெட்டிக்கு முதலில் வாங்க வேண்டியது ரௌட்டர்

கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு மரப்பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் டேபிள் சாவுக்குத்தான் விலை விசாரிப்பார்கள். நாலைந்து பெட்டி செய்து கை பழகியவர்களைக் கேட்டால் ரௌட்டரைக் காட்டுவார்கள். இதை எழுதுகிறவரின் கட்சியும் அதுவே. நேர்வெட்டு என்று பார்த்தால் பெட்டியில் கொஞ்சம்தான். பலகைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரு சர்க்குலர் சாவும், ஓரமாக இறுக்கிவைக்க நேரான அலுமினியச் சட்டமும் போதும். மூலை இணைப்பு, விளிம்பு உருட்டல், ஸ்பீக்கர் துளை என்று மிச்ச வேலை முழுக்க ரௌட்டருடையது.

எந்தப் பெட்டி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 1950களின் பிற்பாதியில் ஃபெண்டர் நிறுவனம் கலிஃபோர்னியாவில் தயாரித்த ட்வீட் டீலக்ஸ், புதியவர்களுக்கு ஏற்றது. ஆர்வலர்கள் அதை 5ஈ3 என்று சர்க்யூட் எண்ணாலேயே குறிப்பிடுவார்கள். ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், முக்கால் அங்குலப் பைன் பலகை, மூலைகளில் விரல் இணைப்பு, பாதி திறந்த முதுகு, அவ்வளவுதான். லண்டனில் ஜிம் மார்ஷல் 1960களில் கொண்டுவந்த, நான்கு ஸ்பீக்கர் அடங்கிய மூடிய பெட்டி வேறு ரகம். அதற்கு பிர்ச் பிளைவுட் வேண்டும், தூக்க இன்னொரு ஆளும் வேண்டும். பிளைவுட்டில் உள்ள பசை பிட்டின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு முனை இல்லாத பிட்டை அதில் ஓட்டுவது வீண்செலவு.

ரௌட்டர் வாங்கும்போது எத்தனை வாட் என்பதற்கு முன்னால், அரை அங்குலத் தண்டுள்ள பிட்டைப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். விளிம்பை உருட்டும் பெரிய பிட் கால் அங்குலத் தண்டில் அதிரும். மரத்தில் அலை அலையாகத் தழும்பு விழும். உப்புத்தாள் போட்டே ஒரு மாலை போய்விடும்.

விரல் இணைப்புக்கு ரௌட்டரை ஒரு பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, மேலே ஜிக் வைத்து ஓட்டுவார்கள். ஜிக்கில் உள்ள சிறு முளைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிட்டிலிருந்து அது சற்றே விலகினால் விரல்கள் தடித்து இறுகும். நெருங்கினால் ஆட்டம் காணும். ஒரு காகிதத் தடிமன் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதனால் அதே பலகையின் கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்த பிறகே நிஜப் பலகையைத் தொடுவது வழக்கம். உள்ளங்கையால் தட்டினால் உட்கார வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது. பசையில் இருக்கும் தண்ணீர் மரத்தை உப்பவைக்கும். காய்ந்த நிலையில் இறுக்கமாகப் போனது, பசை தடவியதும் பாதி வழியில் நின்றுவிடும். பிட் வெளியேறும் பக்கத்தில் ஒரு தாங்கு பலகை கொடுக்காவிட்டால் பைன் பிய்ந்துகொண்டு வரும்.

ஸ்பீக்கர் துளைக்கு வட்ட ஜிக் தனியாக வாங்கத் தேவையில்லை. மெல்லிய பிளைவுட் பட்டையின் ஒரு முனையில் ரௌட்டர், மறுமுனையில் ஆணி, காம்பஸ் தயார். 12 அங்குல ஸ்பீக்கருக்குத் துளை 12 அங்குலம் அல்ல, ஏறத்தாழ 28 சென்டிமீட்டர்தான். ஸ்பீக்கர் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தைப் பார்த்து அளவெடுப்பது நல்லது. வட்டம் முடியும் தறுவாயில் நடுத்துண்டு விடுபட்டு நகர்ந்தால் பிட் விளிம்பைக் கடித்துவிடும். இரட்டைப் பக்க டேப்பால் அடியில் ஒரு பலகையோடு ஒட்டிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கிளாம்ப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பசை பிடிக்கத் தொடங்குவதற்குள் நான்கு மூலைகளையும் இரு திசைகளிலும் இறுக்கியாக வேண்டும். எட்டு நீளக் கிளாம்ப் இருந்தால் கை பதறாது. இறுக்கியதும் மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் டேப்பால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் அந்தத் திசையில் ஒரு கிளாம்ப் குறுக்காகப் போட்டு இழுத்தால் பெட்டி சதுரத்துக்கு வரும்.

ஸ்பீக்கரை மாட்டும் டி-நட்டைச் சுத்தியலால் அடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. மெல்லிய முன்பலகையில் அது சிலாம்பு கிளப்பும். பின்பக்கமிருந்து ஒரு போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு மெல்ல முறுக்கினால் நட் தானாக உள்ளே இறங்கும். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.