நுரையீரல் புற்றுநோய்: ஒரே திசுவில் இரு சோதனைகள்



பயிற்சிக்குப் போன இடத்தில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். நுரையீரலில் கட்டி உள்ள ஒருவருக்கு மார்பில் ஊசி செலுத்தி எடுத்த திசு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. நூல் மாதிரி மெல்லியது. நீளம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்தில் சீவிக் கொடுப்பது என் வேலை. முதல் நாள் சாதாரண ஸ்டெயினுக்கு வெட்டினேன். இரண்டு நாள் கழித்துப் புற்றின் வகையை அறிய மேலும் இரண்டு ஸ்லைடு கேட்டார்கள். பிறகு பி.டி.எல்-1 என்ற புரதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் பிளாக்கைப் புதிதாகப் பூட்டும்போது, முகம் சமமாக வரும்வரை சீவித் தள்ளினேன். அந்தச் சீவல் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. மரபணு சோதனைக்கு வெட்டச் சொன்ன அன்று பிளாக்கில் வெறும் மெழுகுதான் மிச்சம்!

"தம்பி, அந்த மனுஷனுக்கு மறுபடியும் நெஞ்சுல ஊசி போடணும், தெரியுமா?" என்றார் மேற்பார்வையாளர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரே திசுவில் ஏன் புரதத்தையும் பார்க்கிறார்கள், மரபணுவையும் பார்க்கிறார்கள்? ஒன்று போதாதா? அன்றைக்கு எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். மரபணு என்பது டிராயிங். புரதம் என்பது அந்த டிராயிங்கைப் பார்த்துக் கடைந்த ஜாப். ஜாப்பை வெர்னியரில் அளப்பது வேறு, டிராயிங்கில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு அல்லவா?

புரத சோதனையில், குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் திசுவின் மேல் விடுகிறோம். ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். எந்த செல்லில் நிறம் வந்தது என்பதை மைக்ராஸ்கோப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். மரபணு சோதனையில் திசுவைக் கரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் எழுத்து மாறியிருக்கிறதா என்று படிக்கிறோம். துல்லியம் அதிகம், ஆனால் எந்த செல்லிலிருந்து வந்தது என்பது தெரியாது. எனவேதான் பேதாலஜிஸ்ட் முதலில் ஸ்லைடைப் பார்த்து, புற்று செல் உள்ள இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுத் தருகிறார். அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுக்கிறோம். சுரண்டியதில் நல்ல செல்களே அதிகமாக இருந்தால், மாற்றம் இருந்தும் "இல்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடும்.

இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். பி.டி.எல்-1 என்பது, நம் உடலின் காவல் செல்களைப் பார்த்து "கிட்டே வராதே" என்று சொல்ல, புற்று செல் போர்த்திக்கொள்ளும் புரதம். குறைந்தது 100 புற்று செல்லாவது பார்த்து, அவற்றில் 50 சதவீதமோ அதற்கு மேலோ நிறம் பிடித்திருந்தால், நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து நன்கு வேலை செய்யும் என்பது பொதுவான கணக்கு. சரி, அதே திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும் மாற்றம் இருந்தால்? லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 25 பேரைச் சேர்க்கத் திட்டம். பலன் இல்லாததால் 11 பேரோடு நிறுத்திவிட்டார்கள். அந்த 11 பேரில் 8 பேருக்குப் புரதம் 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தது! ஒரே ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. அவருடைய திசுவை மறுபடி பரிசோதித்தபோது, மரபணு மாற்றம் இருப்பதாக முதலில் வந்த ரிப்போர்ட்டே தவறு என்று தெரிந்தது. புரதத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்து, மரபணு ரிப்போர்ட்டை ஒரு தடவை தப்பாகக் கொடுத்தாலும் ஆபத்து. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு 2004-லேயே தெரிந்துவிட்ட ஒன்று. அதற்கென்று தனி மாத்திரைகள் இருக்கின்றன.

சில இடங்களில் புரதமே மரபணுவுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. 2007-ல் ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழுவினர், ஏ.எல்.கே. என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்வதை நுரையீரல் புற்றில் கண்டுபிடித்தார்கள். வளர்ந்தவர்களின் நுரையீரலில் இந்தப் புரதம் சாதாரணமாக இருப்பதில்லை. ஆகவே அழுத்தமாகப் பழுப்பு நிறம் வந்தால், டிராயிங் மாறிவிட்டது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். முன்பு இதற்கு ஒளிரும் சாயம் ஏற்றி, செல் செல்லாக எண்ண வேண்டியிருந்தது. 2015-ல் அமெரிக்காவில் புரத சோதனைக்கே அனுமதி கிடைத்தது. ராஸ்-1 என்ற மரபணுவில் இப்படி முடியாது. அங்கே நிறம் என்பது வெறும் சல்லடை. நிறம் வந்ததை மரபணு சோதனையில் உறுதி செய்தே தீர வேண்டும்.

இத்தனையும் நூல் போன்ற ஒரு திசுவிலிருந்து! அதனால்தான் முதல் நாளே கணக்குப் போட வேண்டும் என்கிறேன். பிளாக்கை ஒரே தடவை பூட்டி, 15 அல்லது 20 செக்‌ஷனைத் தொடர்ச்சியாக வெட்டி, வரிசை எண் போட்டு வைத்துவிட வேண்டும். வெட்டியதை மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் கூடாது, புரதம் மங்கிவிடும். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் திசு சரியாகப் பதப்படாது. நாள்கணக்கில் ஊறினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். எலும்புக்குப் பரவிய புற்றை ஆசிடில் ஊறவைத்து மென்மையாக்கினால், மரபணு சோதனையை அன்றே மறந்துவிடலாம். ஒரு பிளாக்கின் சீவல் அடுத்த ஸ்லைடில் ஒட்டாமல் இருக்க, பிளேடை மாற்றி, தண்ணீர்த் தொட்டியின் மேல்பரப்பை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். இதெல்லாம் டாக்டர் வேலை இல்லை, நம் வேலை!

அந்த நோயாளிக்கு இரண்டாம் தடவை திசு எடுத்து அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, ஒரே மூச்சில் 18 செக்‌ஷன் வெட்டினேன். முதல் திசுவில் பி.டி.எல்-1 அதிகம் என்று ஏற்கெனவே ரிப்போர்ட் போயிருந்தது. இப்போது ஈ.ஜி.எஃப்.ஆரில் 19-ஆம் பகுதியில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாக முடிவு வந்தது. மருத்துவர் ஊசி மருந்தை நிறுத்திவைத்து, மாத்திரை எழுதியதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அவரை நான் பார்த்ததில்லை. இரண்டு பிளாக் எண்களும் என் ரெக்கார்டு நோட்டில் இருக்கின்றன.