தமிழ் எழுத்தில் மறைந்த நோய்க்குறிப்பு

கேள்வி: பேராதனையில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வேர்ஜீனியா வூல்ஃபின் 'மிஸிஸ் டலோவே' நாவலைப் படித்து முடித்தேன். மனநோய் இருந்தபடியால்தான் அவரால் அப்படி எழுத முடிந்தது என்கிறார்கள் நண்பர்கள். பிராய்டைப் படித்த விளைவு என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

— வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: இரண்டும் சரியில்லை, மகள். பிராய்டின் நூல்களை 1924 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டது வூல்ஃப் தம்பதியின் ஹோகார்த் அச்சகம்தான். ஆனால் வேர்ஜீனியா அவற்றை ஊன்றிப் படிக்கத் தொடங்கியது 1939 இறுதியில். நாவல் வந்ததோ 1925இல்.

அவர் கற்றது நோய்ப்படுக்கையில். 1904இல் நோயுற்றிருந்தபோது பறவைகள் கிரேக்க மொழியில் பாடுவதாக அவருக்குக் கேட்டது. அதையே, போருக்குப் போய்வந்து மனம் சிதைந்த செப்டிமஸின் காதிலும் ஒலிக்க வைத்தார். படுத்திரு, பால் குடி, எழுதாதே என்பதுதான் அக்கால வைத்தியம். நாவலில் வரும் மருத்துவர் சேர் வில்லியம் பிராட்ஷோவும் அப்படித்தான்: செப்டிமஸ் சொல்ல வருவதைக் கேட்கப் பொறுமையில்லாமல், அவனை ஓய்வில்லத்துக்கு அனுப்ப முடிவெடுக்கிறார். டொக்டர் ஹோம்ஸ் படியேறி வரும்போது செப்டிமஸ் ஜன்னலால் பாய்ந்து சாகிறான். நாமும் ஒருவரை, மனநோய் மருத்துவமனை உள்ள ஊரின் பெயரால் 'அங்கொடை' என்று சொன்ன கணமே அவர் பேச்சுக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறோமே, அதே கொடுமை.

நோய் முற்றிய நாட்களில் வேர்ஜீனியாவால் நாவல் எழுத முடிந்ததில்லை. தேறிய பிறகு, திருத்தித் திருத்தி எழுதியதுதான் நீங்கள் படித்தது. அந்த உழைப்பை நோயின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இந்தக் கதையில் உங்கள் ஊரும் உண்டு. கணவர் லெனாட் வூல்ஃப் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்தபோது தமிழ் கற்றவர். 1907இல் கண்டிக் கச்சேரிக்கு மாற்றலாகி வந்தார். போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேறும்போது உடன் நிற்பதும் அவர் கடமை. 1913இல் மனைவிக்கு நோய் கடுமையானபோது, அன்றன்றைய நிலையை நாட்குறிப்பில் எழுதினார். பிறர் வாசிக்காதபடி தமிழ், சிங்கள எழுத்துகளைக் கலந்த சங்கேதத்தில்! அன்போடு எழுதிய குறிப்புகள்தான். ஆனாலும் அவை கட்டிலுக்கு வெளியே நின்று பார்த்தவை. இரவு எப்படிக் கழிந்தது என்று அவை சொல்லும். பறவைகள் பாடியதை உள்ளிருந்து சொல்ல நாவல் வேண்டியிருந்தது.

அதே 1913இல் வெளிவந்த லெனாடின் 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலை அடுத்துப் படியுங்கள். ஊரார் அரைப்பைத்தியம் என்று ஒதுக்கிய சிலிந்துவின் கதை, தூக்குமரத்தைக் கண்ணால் கண்டவர் எழுதியது. அவனுக்குப் புரியாத ஆங்கிலத்தில் அவனுடைய கொலை வழக்கு நடக்கும் பகுதியை, பிராட்ஷோவின் அறைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.