ஸிலிண்டர்த் தலையும் காற்றின் வழியும்

மோட்டார் இயந்திரம் பெட்ரோலால் ஓடுகிறது என்பர். அது பாதி உண்மையே. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு, நிறையளவில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். ஆதலின் இயந்திரத்தின் வலிமை அஃது உட்கொள்ளும் காற்றைப் பொறுத்தது. அக்காற்று உட்புகும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும் ஸிலிண்டர்த் தலையில் உள்ளன. பழைய இயந்திரங்களில் இவ்வழிகளை அராவித் திருத்தி மெருகிடும் தொழிலை ஈண்டு ஆராய்வோம்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸிடர் வண்டியின் பழைய பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நான்கு ஸிலிண்டர்களும் சேர்ந்து அதன் கொள்ளளவு 1489 கன சென்டிமீட்டர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 372. நிமிஷத்திற்கு 4000 சுற்றுச் சுழலுங்கால், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கிக் காற்றை இழுக்கும் நேரம் ஒரு ஸெக்கண்டில் 133-இல் ஒரு பங்கே. இச்சிறு பொழுதில் வழியிலுள்ள ஒவ்வொரு தடையும் காற்றைக் குறைக்கும். மேலும், இவ்வியந்திரத்தின் தலையில் காற்றுப் புகும் வாய்கள் இரண்டே. இரண்டு ஸிலிண்டர்களுக்கு ஒரு வாய் பொதுவாகும்.

தடைகள் எங்கே உள்ளன? தலை மணலச்சில் வார்க்கப்பட்ட இரும்பாதலின் வழிகளின் உட்புறம் சொரசொரப்பாயிருக்கும். வால்வு அமரும் விளிம்பைக் கடைந்த இடத்தில், கடைந்த பரப்பும் வார்த்த பரப்பும் கூடும் வரம்பு கூர்மையாய் நிற்கும். காற்றுக் குழாயின் வாயும் தலையின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாமல் படிபோல் நிற்பதும் உண்டு. இவற்றைச் சுழலும் அரத்தால் நீக்கி, வால்வின் கீழுள்ள கழுத்தையும் வளைவையும் இழைத்துச் சீராக்குதலே இத்தொழிலின் முதன்மையான பகுதி. பெரும்பயன் விளைவதும் இங்கேதான்.

இங்கு இரண்டு மயக்கங்களை விலக்க வேண்டும். முதலாவது, வழி எவ்வளவு அகலுமோ அவ்வளவு நன்று என்பது. வழி மிக அகன்றால் காற்றின் வேகம் குறையும். மெதுவாய்ச் செல்லுங்கால் ஸிலிண்டர் செவ்வனே நிரம்பாது. வண்டி மேடேறத் தளரும். இரண்டாவது, கண்ணாடிபோல் மின்னுவதே சிறப்பு என்பது. உட்புகும் வழியில் பெட்ரோல் நுண்டுளிகள் காற்றோடு கலந்து வருகின்றன. மிக வழவழப்பான சுவரில் அவை படிந்து வழியக்கூடும். ஆதலின் அங்கு எமரித் தாளால் தேய்த்த மென்சொரசொரப்பே போதும். எரியறையும் புகைவழியும் மெருகிடத்தக்கவை; அங்குக் கரி எளிதில் பற்றாது.

திருத்திய பின் நான்கு எரியறைகளும் சமமாயுள்ளனவா என்று அளத்தல் வேண்டும். இதற்கு நமது ரஸாயன சாலையிலுள்ள பியூரெட்டே கருவியாகும். தலையைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டை அறையின் வாய்மேல் கிரீஸ் தடவிப் பொருத்தி, மண்ணெண்ணெய் நிரப்பிக் கொண்ட அளவைக் குறிக்க வேண்டும். சுருக்க விகிதம் 8 ஆயின், பிஸ்டன் மேலேறிய நிலையில் எஞ்சும் இடம் ஏறக்குறைய 53 கன சென்டிமீட்டர். ஓர் அறையில் 3 கன சென்டிமீட்டர் மிகுந்தாலும் அங்கு விகிதம் 7.6 ஆகிவிடும், நான்கு ஸிலிண்டர்களும் ஒரே வலியோடு உழையா.

இத்தொழிலில் மறவாதிருக்க வேண்டிய பேருண்மை ஒன்றுண்டு. அராவிய இரும்பு மீண்டும் வாராது. வழியின் சுவருக்கு அப்பால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. சுவர் ஓரிடத்தில் துளைபட்டால் தலை முழுவதும் பாழாம். ஆதலின் கைதேர்ந்த தொழிலாளன் அராவும் பொழுதினும் அளக்கும் பொழுதே மிகுதி. மாணவ நண்பர்களே! மெருகு கண்ணுக்கு இனியது. ஆயினும் தீர்ப்புக் கூறுவது கண் அன்று, காற்றே.